மகன் வாங்கிக் கொடுத்த போன், கடைப் பையனிடம் இருக்கும் சாவி

கேள்வி: தம்பிக்கு வணக்கம். எனக்கு 57 வயது. மாரண்டஹள்ளி பக்கம் ஒன்றரை ஏக்கரில் தக்காளி வைத்திருக்கிறோம். ஆடிப்பெருக்குக்கு வந்த மகன் பாலக்கோட்டில் ஒரு கடையில் டச் போன் வாங்கிக் கொடுத்துவிட்டு மறுநாளே பெங்களூருக்குக் கிளம்பிவிட்டான். கடையில் இருந்த பையனே ஜிமெயில், வாட்ஸ்அப் எல்லாம் போட்டுக் கொடுத்தான். பாஸ்வேர்டு எனக்கும் தெரியாது, மகனுக்கும் தெரியாது. பெங்களூரில் மகன் தன் பெயரில் வாங்கிய சிம்தான் அதில் இருக்கிறது. பத்து வருடமாக வைத்திருக்கும் பட்டன் போனைத் தூக்கிப் போடச் சொல்கிறான். மண்டியில் இனிமேல் போன்பேயில் பணம் போடுகிறோம் என்கிறார்கள். எங்கள் தெருவிலேயே ஒருவர், பி.எம்.கிசான் என்று வாட்ஸ்அப்பில் வந்ததைத் தொட்டு கணக்கில் இருந்ததை எல்லாம் இழந்துவிட்டார். எனக்கு இதைத் தொடவே பயமாக இருக்கிறது. வைத்துக்கொள்ளவா, மகனிடமே திருப்பிக் கொடுத்துவிடவா? பேரன் வந்தால் கேம் விளையாடக் கேட்கிறான். ராத்திரி முழுக்க சார்ஜ் போடலாமா?

பதில்: அக்கா, போனைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

பயப்படுவதிலும் தப்பில்லை. ஆனால் நீங்கள் பயப்படும் இடம் வேறு, உங்கள் கடிதத்தைப் படித்து நான் பயந்த இடம் வேறு. "பாஸ்வேர்டு எனக்கும் தெரியாது, மகனுக்கும் தெரியாது" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் நான் நின்றுவிட்டேன். கிருஷ்ணகிரியில் 17 வருடமாக போன் பழுது பார்க்கிறேன். உடைந்த கண்ணாடிக்கு அடுத்தபடியாக என் மேசைக்கு அதிகம் வருவது, பூட்டிக்கொண்டு திறக்காத போன்.

கடையில் புதுப் போனைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் அது ஒரு கூகுள் கணக்கு கேட்கும். கூட்டம் நிற்கும் கடையில் பையன் தனக்குத் தோன்றிய பெயரில் ஒரு ஜிமெயில் உருவாக்கி, ஏதோ ஒரு பாஸ்வேர்டு போட்டு, 'அவ்வளவுதான்மா' என்று கையில் கொடுத்துவிடுவான். அவன் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, அவசரத்தில் செய்கிறான். ஆனால் அந்தக் கணக்குதான் போனின் தலைச்சாவி. நீங்கள் சேமிக்கும் பெயர்கள், எடுக்கும் போட்டோக்கள், போன் எங்கே இருக்கிறது என்ற விவரம் எல்லாம் அதன் வழியாகத்தான் போகும். அந்தப் பாஸ்வேர்டு தெரிந்தவர் நினைத்தால் எங்கோ உட்கார்ந்துகொண்டு உங்கள் போனைப் பூட்டலாம், உள்ளே இருப்பதை அழிக்கலாம்.

யாருக்குமே தெரியாவிட்டால் அது வேறு வம்பு. போன வருடம் ஊத்தங்கரை பக்கமிருந்து ஒரு பெரியவர் வந்தார். கோடு இழுத்துத் திறக்கும் பேட்டர்னை மறந்துவிட்டார். பக்கத்தில் யாரோ 'அழித்துவிட்டால் சரியாகிவிடும்' என்று பட்டன்களை அழுத்தி மொத்தமாக ரீசெட் செய்திருக்கிறார்கள். அதன் பிறகு போன், 'இதற்கு முன் இதில் இருந்த கூகுள் கணக்கைப் போடு' என்று கேட்டு நின்றுவிட்டது. திருடியவன் அழித்துவிட்டுப் பயன்படுத்தக் கூடாது என்பதற்காகவே ஆண்ட்ராய்டில் அப்படி வைத்திருக்கிறார்கள். கணக்கை உருவாக்கிய பையனோ கடையை விட்டுத் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். கம்பெனி சர்வீஸ் சென்டரில் பில்லைக் காட்டிக் கேட்டிருக்கலாம், அந்த பில்லும் இல்லை. எட்டு மாதம்கூட ஆகாத போன், கல் மாதிரி கிடந்தது.

உங்கள் போன் இப்போது திறந்துதான் இருக்கிறது. அதனால் வேலை சுலபம். காய் பறிப்பு இல்லாத ஒரு நாள் காலையில் உட்காருங்கள். பெயர்கள் ஏதாவது சேமித்திருந்தால் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், வேண்டிய போட்டோக்களை மகனுக்கு அனுப்பிவிடுங்கள். பல்சக்கரம் போட்ட செட்டிங்ஸில் 'கணக்குகள்' என்ற இடத்துக்குப் போய்க் கடைப் பையன் போட்ட கணக்கை முதலில் நீக்குங்கள். போனின் லாக் நம்பர் தெரிந்தால் போதும், இதற்கு ஜிமெயில் பாஸ்வேர்டு கேட்காது. அப்புறம்தான் முழுவதையும் அழிக்கும் ரீசெட். இந்த வரிசை மாறக் கூடாது. ரீசெட் ஆனதும் போன் கடையிலிருந்து வந்த அன்றைக்கு இருந்தபடி வரவேற்கும். இந்த முறை உங்கள் பெயரில், உங்கள் நம்பரில், நீங்கள் சொல்லும் பாஸ்வேர்டில் கணக்கைத் தொடங்குங்கள். பக்கத்து வீட்டில் காலேஜ் படிக்கும் பிள்ளை இருந்தால் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். பாஸ்வேர்டை மட்டும் நீங்களே தட்டுங்கள். அதை ரேஷன் கார்டு வைக்கும் இடத்தில் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். 'எங்கும் எழுதாதீர்கள்' என்று பலர் சொல்வார்கள், நான் சொல்ல மாட்டேன். பீரோவில் இருக்கும் நோட்டைப் படித்துத் திருடியவனை நான் பார்த்ததில்லை, மறந்துபோய் என் கடைக்கு வந்தவர்களைத் தினமும் பார்க்கிறேன். போன் கவருக்குள் சீட்டாக மடித்து வைப்பதுதான் கூடாது.

'மகனுடைய ஜிமெயிலையே போட்டுவிடலாமே' என்று யாராவது சொல்வார்கள். நானே அந்தத் தப்பைச் செய்தவன். என் அம்மாவுக்கு முதல் டச் போன் வாங்கியபோது சோம்பல்பட்டு என் கணக்கையே போட்டுக் கொடுத்தேன். ஒரு நாள் அம்மா, 'தெரியாத பேரெல்லாம் இவ்வளவு இருக்கே' என்று ஒவ்வொன்றாக உட்கார்ந்து நீக்கியிருக்கிறார். இரண்டு போனிலும் ஒரே கணக்கு என்பதால் என் கடை வாடிக்கையாளர்கள் அறுநூறு பேரும் என் போனிலிருந்தும் காணாமல் போனார்கள். நீக்கியவற்றை கூகுள் 30 நாள் குப்பைக்கூடையில் வைத்திருக்கும். அதனால் பிழைத்தேன். அம்மாவிடம் கோபப்படவும் முடியவில்லை, அவர் வீட்டைச் சுத்தம்தானே செய்தார்!

மொழி கேட்கும்போது தமிழ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சின்னச் சங்கடம் வரும். மகன் பெங்களூரிலிருந்து 'செட்டிங்ஸ் போம்மா' என்பார், உங்கள் போனில் 'அமைப்புகள்' என்று இருக்கும். படத்தை வைத்துப் பேசிக்கொள்ளுங்கள், பல்சக்கரம் எந்த மொழியிலும் பல்சக்கரம்தான். எழுத்தின் அளவையும் கொஞ்சம் பெரிதாக்குங்கள்.

பூட்டுக்கு ஆறு இலக்க எண் வையுங்கள். பிறந்த வருடம், வண்டி நம்பர், போன் நம்பரின் கடைசி எண்கள் வேண்டாம். கோடு இழுக்கும் பேட்டர்ன் எனக்குப் பிடிக்காது. திரையைச் சாய்த்துப் பார்த்தால் விரல் தடம் அப்படியே தெரியும். கைரேகை வைத்தால் வசதிதான், ஆனால் உங்களுக்கு அது மக்கர் பண்ணும். தக்காளிச் செடியைத் தொட்ட கையில் ஏறும் கறுப்புப் பச்சைக் கறையும், காடுகழனி வேலையில் தேய்ந்த ரேகையும் ரேஷன் கடை மெஷினிலேயே உங்களைப் படுத்தியிருக்கும். காலையில் கை கழுவித் துடைத்துவிட்டு, அதிகம் தேயாத இடது கை விரலைப் பதியுங்கள். ஒரே விரலை இரண்டு முறை வேறு வேறு பெயரில் பதிய விடும் போன் என்றால் இன்னும் எளிதாகத் திறக்கும்.

இனி சிம். மகன் சொன்னதில் நான் ஒத்துக்கொள்ளாத இடம் இதுதான். பட்டன் போனைத் தூக்கிப் போடுவது உங்கள் விருப்பம், அதில் இருக்கும் நம்பரைத் தூக்கிப் போடக் கூடாது. பத்து வருடமாக வங்கியில் இருப்பது அந்த நம்பர்தான். ஆதாரிலும் அதுவே இருக்கலாம். 2023 ஜூலையில் உங்கள் மாவட்டத்துத் தொப்பூரில் மகளிர் உரிமைத் தொகை விண்ணப்ப முகாமைத் தொடங்கினார்களே, நீங்களும் விண்ணப்பித்திருந்தால் அங்கே கொடுத்ததும் அதுவாகத்தான் இருக்கும். ரீசார்ஜ் செய்யாமல் மாதக்கணக்கில் விட்டால் கம்பெனி அந்த நம்பரை நிறுத்திவிட்டு, கொஞ்ச நாள் கழித்து வேறு யாருக்காவது கொடுத்துவிடும். அப்புறம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும் ஓடிபி முன்பின் தெரியாத ஒருவர் போனில் போய் விழும்.

அதனால் பழைய நம்பரைப் புதுப் போனுக்குக் கொண்டு வாருங்கள். பழைய சிம் அளவில் பெரிதாக இருக்கும். அதைக் கத்தரிக்கோலால் வெட்டித் தரும் கடைகள் உண்டு. வேண்டாம். ஆதாரை எடுத்துக்கொண்டு அந்தக் கம்பெனியின் ஷோரூமுக்கு நீங்களே போய், அதே நம்பரில் 4ஜி சிம் கேட்டு வாங்குங்கள். சிம் மாற்றிய முதல் 24 மணி நேரம் அந்த நம்பருக்குக் குறுஞ்செய்தி வராது, போகாது. யாராவது உங்களுக்குத் தெரியாமல் உங்கள் நம்பரில் சிம் வாங்கிவிட்டால் உடனே ஓடிபி எடுக்க முடியாதபடி வைத்த ஏற்பாடு அது. அன்றைக்கே வங்கி வேலையைத் தொடங்கிவிட்டு 'ஓடிபி வரலையே' என்று பதற வேண்டாம்.

மகன் கொடுத்த சிம் இரண்டாவது இடத்தில் கிடக்கட்டும், நெட்டுக்கு ஆகும். கர்நாடகத்தில் வாங்கியது என்பதால் இங்கே வேலை செய்யாது என்பதில்லை. ஆனால் கம்பெனியிலிருந்து வரும் செய்திகள் கன்னடத்தில் வரலாம். உங்கள் பக்கம் கன்னடம் பேசுகிறவர்கள் நிறைய, படிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? இன்னொன்று, அந்த நம்பர் மகன் பெயரில் இருப்பதால் அதை உங்கள் வங்கிக் கணக்கில் சேர்க்காதீர்கள். நாளைக்கு சிம் தொலைந்தால் நீங்கள் போய் வாங்க முடியாது, அவர்தான் லீவு போட்டு வர வேண்டும்.

மண்டிப் பணத்துக்கு வருவோம். போன்பே, ஜிபே எது வைத்தாலும் அடிப்படை ஒன்றுதான். முதன்முதலில் திறக்கும்போது வங்கியில் பதிந்திருக்கும் சிம்மிலிருந்து தானாக ஒரு எஸ்எம்எஸ் போகும். அந்த சிம்மில் ரீசார்ஜ் தீர்ந்திருந்தாலோ, இரண்டு சிம்மில் தப்பானதைத் தேர்ந்தெடுத்தாலோ அங்கேயே நின்றுவிடும். 'ஆப் வேலை செய்யவில்லை' என்று என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் காரணம் இதுதான். புதுப் போனில் பதிந்த முதல் நாள் வழக்கமாக 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப விடாது, அதுவும் பாதுகாப்புக்குத்தான்.

அப்புறம் பணம் அனுப்ப அந்த ஆப்பில் வைக்கும் ரகசிய எண் (யுபிஐ பின்). பணம் உங்களைவிட்டுப் போகும்போதும், கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று நீங்களே பார்க்கும்போதும் மட்டும்தான் அந்த எண்ணைப் போட வேண்டும். பணம் வருவதற்கு நீங்கள் எதையும் ஸ்கேன் செய்ய வேண்டாம், எதையும் தட்ட வேண்டாம், போனை அணைத்து வைத்திருந்தாலும் வரும். 'பணம் அனுப்பியிருக்கிறேன், வாங்கிக்கொள்ள நம்பர் போடுங்கள்' என்று ஒருவர் சொன்னால், அவர் எடுக்கத்தான் வந்திருக்கிறார். வியாபாரி 'போட்டுவிட்டேன்' என்று ஸ்கிரீன்ஷாட் காட்டினால் அதையும் நம்பாதீர்கள். உங்கள் ஆப்பில் நீங்களே பார்த்துவிட்டுப் பெட்டியை இறக்குங்கள். பார்க்கச் சலிப்பாக இருந்தாலும், தராசு முள்ளைப் பார்க்காமல் நீங்கள் காய் கொடுப்பதில்லையே.

என் வீட்டில் நான் செய்திருப்பதைச் சொல்கிறேன், செய்வதும் விடுவதும் உங்கள் இஷ்டம். சேமிப்பு இருக்கும் கணக்கைப் போனில் இணைக்கவில்லை. வேறொரு வங்கியில் சின்னக் கணக்கு தொடங்கி அதை மட்டும் இணைத்திருக்கிறேன். மண்டிப் பணம் அதில் வரட்டும், வாரத்துக்கு ஒரு முறை செலவுக்கு வைத்துக்கொண்டு மீதியைப் பெரிய கணக்குக்கு மாற்றிவிடுங்கள். ஏதாவது ஆனாலும் அந்த வாரத்துத் தக்காளியோடு போகும், மகள் கல்யாணத்துக்குச் சேர்த்தது போகாது.

உங்கள் தெருக்காரருக்கு நடந்தது என்னவென்று விளக்கினால் உங்கள் பயத்துக்கு ஒரு அளவு கிடைக்கும். வாட்ஸ்அப்பில் வந்ததைப் பார்த்ததால் மட்டும் அவர் பணம் போயிருக்காது. வந்தது போட்டோவோ கடிதமோ அல்ல, ஒரு ஆப். அதன் பெயரின் வாலில் '.ஏபிகே' என்று மூன்று ஆங்கில எழுத்து இருக்கும். தொட்டதும் போன் ஒரு முறை தடுத்திருக்கும், 'தெரியாத இடத்திலிருந்து வந்தது, நிறுவவா?' என்று கேட்டிருக்கும். அவர் சரி என்று தட்டியிருப்பார். அப்புறம் அது 'குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி' கேட்டிருக்கும், அதற்கும் சரி. அந்த நிமிடத்திலிருந்து அவருக்கு வந்த ஓடிபி எல்லாம் வேறொருவனுக்கும் போயிருக்கும். கூடவே ஆதார் நம்பர், கார்டு நம்பர் என்று ஒரு படிவமும் காட்டி நிரப்பச் சொல்லியிருக்கும். இதில் கொடுமை என்னவென்றால், இப்படி ஏமாந்தவரின் வாட்ஸ்அப்பிலிருந்து அதே ஃபைல் அவருக்குத் தெரிந்த எல்லாருக்கும் போகும். அதனால் அது உங்களுக்கு வரும்போது உங்கள் நாத்தனார் பெயரில்தான் வரும்.

பி.எம்.கிசான் வருடத்துக்கு 6,000 ரூபாய், 2,000 வீதம் மூன்று தவணை, நேராக வங்கிக் கணக்குக்கு வருவது. அதற்காக வாட்ஸ்அப்பில் ஃபைல் அனுப்பும் வேலையை எந்த அரசு அலுவலகமும் செய்யாது. இதே ஃபைல் போக்குவரத்து அபராதம், வங்கிக் கேஒய்சி, கல்யாணப் பத்திரிகை என்று வெவ்வேறு வேஷத்தில் வரும். ஆப் வேண்டுமென்றால் பிளே ஸ்டோருக்குள் போய் எடுங்கள். தமிழக அரசின் உழவன் ஆப்பும் அங்கேதான் இருக்கிறது. விலை நிலவரம், மானியம், வானிலை எல்லாம் அதில் தமிழிலேயே வரும், உங்களுக்கு ஆகும்.

ஒருவேளை கை தவறி அப்படி ஒன்றை நிறுவிவிட்டால், முதலில் நெட்டை அணையுங்கள், ஏரோப்ளேன் படத்தைத் தட்டினால் போதும். அப்புறம் வேறொருவர் போனிலிருந்து 1930-க்குக் கூப்பிடுங்கள், சைபர் குற்றத்துக்கான நாடு தழுவிய எண் அது. பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும், கடைசிக் கணக்கில் எடுப்பதற்குள் நிறுத்தி வைக்க வேண்டும். அதனால் மகனிடம் சொல்லலாமா, திட்டுவாரா என்றெல்லாம் யோசிக்கும் அரை மணி நேரம்கூடப் பெரிய நேரம். அடுத்து வங்கிக்குச் சொல்லிக் கணக்கை நிறுத்துங்கள். உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் பணம் போய், செய்தி வந்த மூன்று வேலை நாளுக்குள் வங்கிக்குச் சொல்லிவிட்டால் இழப்பு உங்களுடையது அல்ல என்று ரிசர்வ் வங்கி 2017-லேயே சொல்லியிருக்கிறது. ஓடிபியை நீங்களே கொடுத்திருந்தால் வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போனது உங்கள் தலையில்தான். தெரிவித்த பிறகு போவது வங்கியின் பொறுப்பு. எப்படிப் பார்த்தாலும் சீக்கிரம் சொல்வதில்தான் லாபம்.

போலீஸ் உடையில் வீடியோ காலில் வந்து 'உங்கள் ஆதாரில் குற்றம், வீட்டை விட்டு நகரக் கூடாது' என்று மிரட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். போனில் கைது செய்ய நம் நாட்டில் சட்டமே கிடையாது. கட் செய்துவிட்டு மாட்டைக் கட்டப் போங்கள்.

ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டால் இப்போதைய போன்கள் நிறைந்ததும் தாமே நிறுத்திக்கொள்ளும். பேட்டரிக்கு எதிரி சூடு. தலையணைக்கு அடியிலோ, தகரக் கூரைக்குக் கீழே சித்திரை வெயிலிலோ வைத்து சார்ஜ் போடாதீர்கள். தண்ணீரில் விழுந்தால் அணைத்துவிட்டுத் துடைத்துக் காய விடுங்கள். அரிசி டப்பாவில் போட்டால் சரியாகும் என்பது சும்மா, சார்ஜ் துளைக்குள் தவிட்டுத் தூசிதான் சேரும்.

பேரனுக்குக் கொடுக்கலாம், செட்டிங்ஸில் 'ஆப் பின்னிங்' என்ற வசதியைப் போட்டுவிட்டுக் கொடுங்கள். அதில் லாக் நம்பர் கேட்கும்படி வைத்தால், அவன் அந்த கேமை விட்டு வெளியே வர உங்கள் லாக் நம்பர் வேண்டும். அந்த நம்பரை அவனுக்குச் சொல்லாமல் இருப்பதுதான் கஷ்டம், பேரன்கள் விரலைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. போன் வந்த அட்டைப் பெட்டியை அடுப்பெரிக்கப் போட்டுவிடாதீர்கள். அதன் பக்கவாட்டில் அந்த போனுக்கே உரிய அடையாள எண்ணான 15 இலக்க ஐஎம்இஐ எண் இருக்கும். போனில் *#06# தட்டினாலும் வரும், ஆனால் போன் தொலைந்த பிறகு எதில் தட்டுவது? தொலைந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதே நம்பரில் புது சிம் வாங்கிக்கொண்டு, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அந்த எண்ணையும் புகார் நகலையும் கொடுத்தால் இந்தியாவில் எந்த சிம் போட்டாலும் அந்த போன் வேலை செய்யாதபடி முடக்கிவிடுவார்கள். பில்லையும் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். மெஷினில் வரும் அந்த வழவழப்பான தாள் பில் என்றால் ஒரு வருடத்தில் எழுத்து மங்கி வெள்ளையாகிவிடும். அடுத்த முறை பாலக்கோடு போகும்போது ஒரு ஜெராக்ஸ் எடுத்து அதையும் சேர்த்து வைத்துவிடுங்கள்.